பின்வேலியில் பாம்பு என்று சொன்னாய்

புதுப்பட்டினம்,
கார்த்திகை, செவ்வாய்க்கிழமை காலை.

அன்புள்ள அனுவுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. நானும் அப்பாவும் உடம்பளவில் சௌக்கியம், மனசைப் பற்றி முதல் வரியிலேயே எழுதும் வழக்கம் நம் வீட்டில் இல்லை, அதனால் அதை அப்புறம் எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளை பிரவினும் டப்ளின் குளிரில் சளி இருமல் அண்டாமல் நன்றாக இருக்கவேண்டும் என்று தினமும் விளக்கேற்றும்போது வேண்டிக்கொள்கிறேன், இன்று காலையும் வேண்டிக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். வாட்ஸ்அப் இருக்கும்போது இவள் எதற்குத் தாளும் பேனாவுமாக உட்கார்ந்திருக்கிறாள் என்று நினைப்பாய். போனில் பேசினால் அந்தப் பக்கம் மாப்பிள்ளை உட்கார்ந்திருப்பார், இந்தப் பக்கம் உன் அப்பா காதைத் தீட்டிக்கொண்டு நிற்பார், நடுவில் நான் அழுதுவிடுவேன், இல்லாவிட்டால் கத்திவிடுவேன், சொல்லவந்தது நின்றுபோகும். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது, அதுவும் எனக்கு ஒரு சௌகரியம்.

இங்கே மழை விட்டுவிட்டுப் பெய்கிறது. கடல் காற்றில் கேட்டில் அடித்த பெயின்ட் மறுபடியும் உரிந்து விழுகிறது. அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, என்னுடன் பேசுவதை நிறுத்தியிருக்கிறார், சாப்பாட்டை மட்டும் நிறுத்தவில்லை. பார்வதம் இன்னும் செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறாள். வலது கையில் இரண்டு விரலை எடுத்துவிட்டார்கள். அது உனக்குத் தெரியுமோ தெரியாதோ, அப்பா உன்னிடம் லேசான தீக்காயம் என்று சொன்னதாகக் கேள்விப்பட்டேன். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் அனு. நான்கு வீட்டில் பாத்திரம் தேய்த்து, துணி பிழிந்து, அந்தக் கையால்தான் தன் பெண் சிநேகாவைக் காலேஜ் வரைக்கும் கொண்டுவந்திருக்கிறாள்.

இன்று மத்தியானம் என்னை ஸ்டேஷனுக்கு வரச்சொல்லியிருக்கிறார்கள். மின் ஆய்வாளரும் அங்கே வருகிறாராம். பார்வதத்துக்கு எப்படி ஷாக் அடித்தது என்று நான் சொல்லவேண்டும். காற்றில் கம்பத்திலிருந்து வீட்டுக்கு வருகிற சர்வீஸ் ஒயர் அறுந்து வேலிமேல் விழுந்துவிட்டது, அதில் கை வைத்துவிட்டாள் என்று உன் மாமனார் ஏற்கெனவே எழுதிக் கொடுத்தாகிவிட்டது. நானும் அதையே சொல்லவேண்டும் என்று உன் மாமனார், மாமியார், அப்பா மூன்று பேரும் ஒரே குரலில் சொல்லிவிட்டார்கள். உள்ளதைச் சொன்னால் உன் மாமனார்மேல் கேஸ் வரும், சம்பந்தி வீட்டோடு உறவு அறுந்துபோகும், மாப்பிள்ளை உன்னை முகம் கொடுத்துப் பார்க்கமாட்டார், இதெல்லாம் எனக்குத் தெரியாமல் இல்லை. அதனால்தான் போவதற்கு முன்னால் உன்னிடம் எழுத உட்கார்ந்தேன்.

நீ சின்னப் பெண்ணாக இருந்தபோது இரண்டு மனையையும் பக்கத்தில் பக்கத்தில் வாங்கினோம். கல்பாக்கத்தில் அப்பா கணக்குப் பிரிவு, உன் மாமனார் லக்ஷ்மிநாராயணன் எலக்ட்ரிகல் பராமரிப்பு, குவார்ட்டர்ஸிலும் எதிர் எதிர் வீடு. வீடு கட்டும்போது நடுவில் சுவர் வேண்டாம், நம் இரண்டு குடும்பத்துக்கு நடுவில் எதற்கு செங்கல் என்று அவரே சொன்னார். பின்பக்கம் மட்டும் இரண்டு மனைக்கும் சேர்த்து ஒரே நீளத்துக்குக் கல் தூண் நட்டு முள்கம்பி வேலி போட்டோம். அவரை நான் அண்ணா என்றுதான் கூப்பிட்டேன், என் கூடப்பிறந்தவனைக்கூட அத்தனை தடவை கூப்பிட்டிருக்கமாட்டேன். நம் வீட்டில் ஒரு பல்பு மாற்றவேண்டும் என்றால்கூட அவர்தான் வரவேண்டும். சித்திரை வெயிலில் வாளியோடு வந்து இரண்டு வீட்டு எர்த் குழியிலும் தண்ணீர் ஊற்றுவார், கடலோர மண் உப்பில் எர்த் கம்பி அரித்துவிடும், குழி காயக்கூடாது பிரபா என்பார். ஈரக் கையோடு மிக்சியைத் தொடாதே, வாஷிங் மெஷின் பக்கத்தில் செருப்பு இல்லாமல் நிற்காதே என்று எனக்கு ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தவர் அவர். அந்த மனுஷன்தான், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், என் வீட்டு வேலியில் கரண்ட் விட்டார்.

ரிடையரானதற்கு அப்புறம் பின்பக்கம் வாழையும் வெண்டையும் போட்டிருந்தார் அல்லவா, இருட்டினால் பன்றி வந்து முட்டித் தோண்டுகிறது, விட்டுவைத்ததை மாடு மேய்கிறது என்று புலம்பிக்கொண்டே இருந்தார். ஊரில் எல்லாருக்கும் இருக்கும் தொல்லைதான். மற்றவர்கள் பட்டாசு வெடிப்பார்கள், பழைய புடவையை வேலியில் கட்டுவார்கள். இவர் எலக்ட்ரிகல் ஆள் ஆயிற்றே. மோட்டார் ஷெட்டிலிருந்து மெல்லிசான கட்டுக்கம்பி ஒன்றை இழுத்து, முழங்கால் உயரத்தில் தூணுக்குத் தூண் பிளாஸ்டிக் துண்டு வைத்துக் கட்டி, அவர் மனையில் ஆரம்பித்து நம் மனை முடிகிறவரைக்கும் ஓட்டியிருக்கிறார், முள்கம்பியோடு முள்கம்பியாக இருந்ததால் என் கண்ணில் படவில்லை. நம் பக்கத்தை விட்டால் பன்றி அந்த வழியாக வந்துவிடுமாம். லைனுக்கு நடுவில் ஒரு குண்டு பல்பை மாட்டிவிட்டார், பல்பு வழியாகப் போனால் கரண்ட் குறைந்துவிடும், தொட்டால் சுருக்கென்று தட்டிவிட்டுப் போகும், உயிருக்கு ஒன்றும் ஆகாது என்று அவருக்கு அவரே சொல்லிக்கொண்டார். ஷாக் அடித்தால் தானாக விழுகிற டிரிப் சுவிட்ச் சும்மா சும்மா விழுந்துகொண்டே இருந்ததாம், அதனால் அந்த ஒரு லைனை மட்டும் சுவிட்சுக்கு முன்னாலேயே பிரித்து எடுத்துவிட்டாராம். அந்தச் சுவிட்ச் எதற்காக விழுகிறது என்று என்னை மாதிரி ஒருத்திக்குக்கூட அவர்தான் புரியவைத்தார். சாயங்காலம் போடுவது, விடிந்ததும் நிறுத்துவது என்று ஓடிக்கொண்டிருந்தது.

முதலில் ஒரு கீரிப்பிள்ளை செத்துக் கிடந்தது. அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அப்புறம் தீபாவளிக்கு முன்னால் கறுப்பி. பொழுது சாய்வதற்குள் மத்தியான மிச்சத் தயிர்சாதத்தைப் பின்வேலியோரம்தான் அதற்கு வைப்பேன், நீ வந்திருந்தபோது உன் செருப்பைக் கடித்துப் போட்டதே அந்த நாய்தான். காலையில் பார்த்தால் வேலியோரம் நான்கு காலையும் நீட்டிக்கொண்டு விறைத்துக் கிடக்கிறது, வாய் கோணி நாக்கு பல்லுக்கு நடுவில் சிக்கியிருந்தது. நான் போட்ட சத்தத்தில் உன் அப்பாவும் அவரும் ஓடிவந்தார்கள். உன் மாமனார் குனிந்து பார்த்துவிட்டு, விஷம் வைத்திருக்கிறார்கள் பிரபா என்று வாய் கூசாமல் சொன்னார். மண்வெட்டி எடுத்துவந்து அவரே குழி தோண்டினார், உப்புப் போட்டு மூடினார், பாவம் வாயில்லாத ஜீவன் என்று பெருமூச்சு வேறு விட்டார். கம்பியைக் கட்டின அதே கையால் அனு.

யார் விஷம் வைத்திருப்பார்கள் என்று பேச்சு வந்தது. பின்தெருவில் பிரியாணிக் கடை வைத்திருக்கிறாரே ரஹ்மத்துல்லா, அவர் கடைப் பின்னால் எலித் தொல்லை, எலி மருந்தை மிச்ச எலும்போடு கொட்டியிருப்பார் என்று அப்பா சொன்னார். நான் நேரே அவர் கடைக்குப் போய், நாஸ்தா சாப்பிட்டுக்கொண்டிருந்த பத்துப் பேர் முன்னால் அவரை வாய்க்கு வந்தபடி கேட்டேன். உன் மாமனார் என் பக்கத்தில் நின்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். ரஹ்மத்துல்லா கோபப்படவே இல்லை. இன்னாம்மா இப்டி சொல்ற, நான் நாய்க்கு எலும்பு போட்ற ஆளும்மா, மருந்து வெக்கிற ஆள் இல்ல என்று மட்டும் சொல்லிவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் மனைவி சுல்தான் பீவி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, நான் அதற்கு அப்புறம் அந்தத் தெரு வழியாக மார்க்கெட் போவதையே விட்டுவிட்டேன்.

பார்வதத்துக்கு ஷாக் அடித்த அன்றைக்கு நடந்ததை எழுதுகிறேன், எழுத்து கோணினால் பொறுத்துக்கொள். படூரில் யாரோ சிநேகிதர் வீட்டுக் கிருகப்பிரவேசம் என்று சம்பந்தி இருவரும் இருட்டோடு காரில் கிளம்பிப் போய்விட்டார்கள். போகிற அவசரத்தில் கம்பி லைனை நிறுத்த மறந்துபோனார். ராத்திரி நல்ல மழை, காலையில் வெறித்துக் காற்று மட்டும் பேய் மாதிரி அடித்தது. பார்வதம் துவைத்த போர்வைகளைக் கொடியில் போட்டிருக்கிறாள், ஒன்று பறந்துபோய்ப் பின்வேலியில் சிக்கியிருக்கிறது. அதை எடுக்கப் போனாள். ஈர மணல், வெறும் கால், ஈரப் போர்வை, ஈரக் கை. நான் சமையலறையில் சட்னி அரைத்துக்கொண்டிருந்தேன், மிக்சி சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. மிக்சியை நிறுத்திவிட்டு ஜன்னல் வழியாகப் பார்த்தால் வேலியோரம் குனிந்தபடியே நிற்கிறாள். பார்வதம், அங்கே என்னடி பார்த்துக்கொண்டிருக்கிறாய் என்று கூப்பிட்டேன். திரும்பவில்லை. என்ன இவள், காது கேட்கவில்லையா என்று முணுமுணுத்துக்கொண்டே போனேன். பக்கத்தில் போனதும்தான் முகத்தைப் பார்த்தேன். கண் திறந்திருக்கிறது, பல் கிட்டியிருக்கிறது, உடம்பு முழுதும் உதறுகிறது, கை கம்பியை விடமாட்டேன் என்கிறது, கருகுகிற வாசனை.

நான் அலறிக்கொண்டே அவள் தோளைப் பிடித்து இழுக்கப் போனேன். கை அவள் மேல் பட இன்னும் ஒரு சாண்தான் இருந்தது. அம்மா தொடாத, பின்னாடி போ, கரண்ட் கீது என்று வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல். ரஹ்மத்துல்லா. என் அலறலைக் கேட்டு, பிரியாணி கிண்டுகிற பெரிய மரக்கரண்டியோடு அப்படியே ஓடிவந்திருக்கிறார். அந்தக் கரண்டியால் பார்வதத்தின் கையில் ஓங்கி ஒரு அடி அடித்தார். கை விட்டது, அவள் மல்லாந்து என் காலடியில் விழுந்தாள். நவுந்துக்கோ, வேலியாண்ட வராத என்று கத்திக்கொண்டே சந்து வழியாகச் சுற்றி வந்து, இன்னொருத்தரையும் கூட்டிக்கொண்டு அவளைத் தூக்கித் தன் லோடு ஆட்டோவில் போட்டார். வழி முழுக்க அவள் தலை என் மடியில். மூச்சு இருக்கிறதா இல்லையா என்று மூக்குக்குக் கீழே விரலை வைத்து வைத்துப் பார்த்துக்கொண்டு போனேன். நாய்க்கு விஷம் வைத்தவர் என்று நான் பத்துப் பேர் முன்னால் திட்டின மனுஷன்தான் ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டு ஓட்டினார். ஆஸ்பத்திரி வாசலில் நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு என்னமோ சொல்ல ஆரம்பித்து அழுதுவிட்டேன். வுடும்மா, அந்தம்மா பொயச்சிக்கினா போதும் என்றார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தேன். நேரே பின்பக்கம் போனேன். கம்பி இல்லை. முள்கம்பி மட்டும் இருக்கிறது, தூண்களில் பிளாஸ்டிக் துண்டுகள் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன, மணலில் நிறையக் கால் தடம். பார்வதத்தைப் பிடித்திருந்த கம்பி எங்கே என்று உன் அப்பாவைக் கேட்டேன். எந்தக் கம்பி என்றார். அவர் என் முகத்தைப் பார்க்காமல் பேசினால் எனக்குத் தெரியாதா. மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் பழைய போர்வை எடுக்கப் பரணில் ஏறினேன், அரிசிச் சாக்கு ஒன்று புதிதாக இருந்தது. பிரித்தால் சுருட்டின கட்டுக்கம்பி, ஹோல்டரோடு அந்த பல்பு. நம் வீட்டுப் பரணில் அனு. நான் ஆட்டோவில் போய்க்கொண்டிருந்தபோது, வாக்கிங் முடித்துத் திரும்பின அப்பா உன் மாமனாருக்குப் போன் பண்ணியிருக்கிறார், அவர் கேளம்பாக்கத்திலிருந்து காரைத் திருப்பிக்கொண்டு வந்திருக்கிறார், போலீஸ் வருவதற்குள் இரண்டு பேருமாகக் கம்பியைக் கழற்றிச் சுருட்டியிருக்கிறார்கள். அவர் வீட்டில் தேடினாலும் தேடுவார்கள், நம் வீட்டில் தேடமாட்டார்கள் என்று இங்கே வைத்தார்களாம். அப்பாவுக்கு முன்னாலேயே கம்பி விஷயம் தெரியாது, அதை மட்டும் நான் நம்புகிறேன். ஆனால் பார்வதம் பிழைப்பாளா என்று தெரியாத அந்த நேரத்தில் இவருக்குக் கம்பியைச் சுருட்டக் கை வந்ததே, அதை என்னால் ஜீரணிக்க முடியவில்லை. கேட்டால், அனுவின் வாழ்க்கை இருக்கிறது பிரபா என்கிறார். எதற்கெடுத்தாலும் உன்னைத் தூக்கி முன்னால் வைத்துவிடுகிறார்கள்.

இதுவரைக்கும்கூட நான் பொறுத்துக்கொண்டேன் என்று வைத்துக்கொள். நான்கு நாள் முன்னால் சங்கரி வந்தாள். உன் மாமியாரை எனக்கு எத்தனை பிடிக்கும் என்று உனக்குத் தெரியும், அவளும் அழுதாள் நானும் அழுதேன். அவர் வேண்டுமென்று செய்யவில்லை, பல்பு போட்டுத்தான் செய்தார், பார்வதத்தின் ஆஸ்பத்திரிச் செலவு மொத்தமும் எங்களுடையது, நீ மட்டும் வாயைத் திறக்காதே என்று கெஞ்சினாள். நான் காபி போட எழுந்துபோனேன். கடைசியில் கோபம் வந்து, ஏன் பிரபா எங்களை மட்டும் குற்றவாளி மாதிரி பார்க்கிறாய், ஆகஸ்டில் வந்தபோது அனுவே அந்தக் கம்பியைப் பார்த்தாள், அவளே ஒன்றும் சொல்லவில்லையே என்றாள். சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டாள். நான் உனக்கு மெசேஜ் அனுப்பினேன், உண்மையா என்று ஒரே வார்த்தை. ஆமாம்மா, ஆனால் மாமா சேஃப் என்றுதான் சொன்னார், உன்னிடம் சொன்னால் நீ பெரிது பண்ணுவாய் என்றார், அதனால் விட்டுவிட்டேன் என்று பதில் போட்டாய்.

அனு, அன்றைக்கு ராத்திரி நான் தூங்கவில்லை. ஆகஸ்டில் நீ கிளம்புகிற அன்று காலை, பெட்டிக்குப் பூட்டுப் போட்டுக்கொண்டே என்னிடம் என்ன சொன்னாய் என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். அம்மா, இருட்டினதற்கு அப்புறம் பின்வேலிப் பக்கம் போகாதே, நான் அங்கே ஒரு பெரிய பாம்பைப் பார்த்தேன் என்றாய். இரண்டு தடவை சொன்னாய். என்மேல் சத்தியம் பண்ணு என்று கையை வேறு நீட்டினாய். என் பெண்ணுக்கு என்மேல் எத்தனை அக்கறை என்று பார்வதத்திடமே பெருமை அடித்துக்கொண்டேன். அப்படியானால் அது ஆளைக் கொல்லும் என்று உனக்குத் தெரிந்திருக்கிறது. மாமா சொன்ன சேஃப்பை நீ நம்பவில்லை. நம்பியிருந்தால் எனக்கு எதற்குப் பாம்பு. எனக்காவது ஒரு பொய்யைச் சொல்லிக் காப்பாற்றினாய், பார்வதத்துக்கு அந்தப் பொய்யைக்கூடச் சொல்லத் தோன்றவில்லையே உனக்கு. அப்போது அவள் அடுத்த அறையில்தான் இருந்தாள், வழியில் நீ தின்ன முறுக்கைப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தாள். உனக்கு அம்மை போட்டபோது வேப்பிலையோடு உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள், உன் கல்யாணத்தில் என்னைவிட அதிகமாக அழுதவள். அவளுக்கும் கால் இருக்கிறது, அவளும் அந்த மணலில்தான் நடக்கிறாள் என்று உனக்கு எப்படி ஞாபகம் இல்லாமல் போயிற்று. உன் மாமனார் என்னை ஏமாற்றினார், அது ஒரு வலி. அப்பா ஏமாற்றினார், அது இன்னொரு வலி. நீ செய்ததற்கு என்ன பேர் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

ரஹ்மத்துல்லாவின் லோடு ஆட்டோ வாசலில் வந்து நிற்கிறது. அவரையும் சாட்சிக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள், வாங்கம்மா சேர்ந்தே போய்க்கலாம் என்று காலையில் சொல்லி அனுப்பியிருந்தார். மீதியை வந்து எழுதுகிறேன்.

செவ்வாய் சாயங்காலம்.

போய்விட்டு வந்துவிட்டேன். இப்போதுதான் காபி குடித்தேன், நானே போட்டுக்கொண்டேன். அப்பா ஹாலில் டிவியைச் சத்தமில்லாமல் ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

கிளம்பும்போது அந்தச் சாக்கைப் பரணிலிருந்து இறக்கிக் கையோடு எடுத்துப்போனேன். அப்பா கேட்டில் நின்று, அனுவை ஒரு நிமிஷம் நினைத்துப் பார் பிரபா என்றார். அதைத்தான் ராத்திரி முழுக்க நினைத்தேன் என்று சொல்லிவிட்டு ஆட்டோவில் ஏறினேன். ஸ்டேஷனில் சாக்கை மேஜைமேல் வைத்து, இதுதான் கம்பி, இதை என் வீட்டு வேலியில் கட்டியிருந்தார்கள், காற்றில் எந்த ஒயரும் அறுந்து விழவில்லை என்று சொன்னேன். மின் ஆய்வாளர் நடுத்தர வயசுக்காரர், பதமாகப் பேசினார். பல்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இந்த பல்பு எரிகிற கரண்டில் பாதி நெஞ்சு வழியாகப் போனாலே மனுஷன் பிழைப்பது கஷ்டம் அம்மா, இதைப் போட்டால் ஆபத்தில்லை என்று நினைத்து நிறையப் பேர் வேலியில் விடுகிறார்கள், மாடு நாயெல்லாம் நான்கு காலும் ஈர மண்ணில் ஊன்றி நிற்பதால் இன்னும் சீக்கிரம் போய்விடும், அந்தம்மா பிழைத்தது அந்தக் கட்டைக் கரண்டியால்தான் என்றார். கறுப்பியைப் பற்றியும் சொன்னேன், அதையும் எழுதிக்கொண்டார்கள். அந்த ரூமில் சிநேகாவும் இருந்தாள், ஆஸ்பத்திரியில் அம்மாவை யாரிடமோ விட்டுவிட்டு வந்திருந்தாள், நீ கொடுத்த நீல நிறச் சுடிதார்தான் போட்டிருந்தாள்.

கம்பி இருப்பது யார் யாருக்குத் தெரியும் என்று ரைட்டர் கேட்டார். கட்டினவர் லக்ஷ்மிநாராயணன், அவர் மனைவி சங்கரிக்குத் தெரியும் என்றேன். எழுதினார். வேறு யாருக்காவது தெரியுமா அம்மா என்றார். சும்மா வழக்கமாகக் கேட்கிற கேள்விதான், தெரியாது என்றிருந்தால் அடுத்ததுக்குப் போயிருப்பார். நீ பிறந்ததிலிருந்து உன்னைக் காட்டிக் கொடுக்கிற மாதிரி ஒரு வார்த்தை நான் யாரிடமும் பேசினதில்லை, பள்ளிக்கூடத்தில் நீ செய்த தப்பைக்கூட என் தப்பு என்று சொல்லியிருக்கிறேன். எதிரில் சிநேகா நின்றுகொண்டிருந்தாள். என் பெண்ணுக்கும் தெரியும் என்றேன். பேர் என்ன என்றார். அனு என்றேன். கையெழுத்துப் போடச் சொன்னார்கள், போட்டேன்.

சிநேகா என்கூடவே வெளியில் வந்தாள். ரஹ்மத்துல்லா வண்டியை எடுக்கப் போனபோது என் பக்கத்தில் வந்து, அம்மாண்ட நான் இத்த சொல்லப் போறதில்ல ஆன்ட்டி, அக்காவே சொல்லிக்கட்டும் என்றாள். குரலில் கோபம்கூட இல்லை. அதற்கு அவள் என்னை இரண்டு அடி அடித்திருந்தால் தேவலை என்று இருந்தது.

அங்கே இருந்து ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்வதத்தைப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். கஞ்சி கொடுத்தேன், குடித்தாள். அனு பாப்பா போன் பண்ணுச்சாம்மா, என் சேதி கேட்டு பயந்துகினு இருக்கும், நான் நல்லா கீறேன்னு சொல்லுங்க என்றாள். சொல்கிறேன் என்றேன். இதோ சொல்லிவிட்டேன்.

மாப்பிள்ளையிடம் இந்தக் கடிதத்தைக் காட்டுவதும் காட்டாததும் உன் இஷ்டம். அவர் கோபித்துக்கொண்டால் என்னைத் திட்டச் சொல், உன்னைத் திட்டவேண்டாம் என்று சொல், அதற்கெல்லாம் நான் தயாராகத்தான் இருக்கிறேன். அவர் அப்பா ஜெயிலுக்குப் போவாரா, அபராதமா, எனக்குத் தெரியாது. போகக்கூடாது என்றும் ஒரு மனசு அடித்துக்கொள்கிறது, பொய் சொல்வானேன். இத்தனை நடந்தும் நேற்று அவர் வாசலில் நிற்கும்போது மெலிந்துவிட்டாரே என்றுதான் முதலில் தோன்றியது. உன்மேல் எனக்கு இருக்கிற கோபம் சீக்கிரம் தீராது, தீர்ந்துவிட்டது என்று நடிக்கவும் மாட்டேன். பண்டிகைக்குப் போன் பண்ணினால் எடுப்பேன், சாப்பிட்டாயா என்று கேட்பேன், அதற்குமேல் கொஞ்ச நாள் எதிர்பார்க்காதே.

குளிரில் காதை மூடிக்கொண்டு வெளியில் போ. தலையணைக்கு அடியில் போனைச் சார்ஜ் போட்டுத் தூங்காதே, குளித்துவிட்டு ஈரத்தோடு ஹேர் டிரையரைத் தொடாதே, அந்த ஊர் பிளக் நல்ல பிளக் என்று அலட்சியமாக இருக்காதே. நீயும் மாப்பிள்ளையும் நோய் நொடியில்லாமல், நீண்ட ஆயுளோடு, ஒருத்தருக்கொருத்தர் ஒளிக்காமல் வாழவேண்டும். இது மனசார நான் செய்கிற ஆசீர்வாதம், கோபத்தில் இதைக் குறைக்கவில்லை.

ஒன்று மட்டும் மறக்காதே. இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது பார்வதம் வீட்டுக்கு வந்திருப்பாள், கைக்கட்டுப் பிரித்திருக்கமாட்டார்கள். அவள் நம்பருக்கே போன் பண்ணு, சிநேகா நம்பருக்கு வேண்டாம். இடது கையால்தான் எடுக்கவேண்டும், அந்தக் கை அவளுக்கு இன்னும் பழகவில்லை, தட்டுத் தடுமாறித்தான் எடுப்பாள். மணி எத்தனை நேரம் அடித்தாலும் வைத்துவிடாதே.

இப்படிக்கு,
உன் அம்மா,
பிரபாவதி சுப்புராமன்.